தோப்பூர்ப் போர்க்களத்துக்கு ஒருநாள் பயணம்: ஒரு மதிப்புரை

தஞ்சாவூரிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேன் கிளம்புகிறது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரும், அவரிடம் படித்த இரண்டு இளைஞர்களும், வேன் வைத்திருக்கும் அவர்களுடைய நண்பர் ஒருவரும் சேர்ந்து நடத்துகிற ஒருநாள் வரலாற்றுப் பயணம் அது. பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று சோழர் பாதையைச் சுற்றிக் காட்ட டெல்டாவில் ஆளுக்குக் குறைவில்லை. இவர்களோ நாயக்கர் காலத்து உள்நாட்டுப் போர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நடந்த நிலத்தின் வழியாகவே நம்மை அழைத்துப் போகிறார்கள். ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் நானும் என் தங்கை மகளும் போய்வந்தோம். ஒருவருக்கு 1,200 ரூபாய். மதியச் சாப்பாடும் ஒரு சிறு கையேடும் அதில் அடக்கம். இவர்களுக்கு விளம்பரம் தேடித் தருவது என் வேலையல்ல என்பதால் பெயரை விட்டுவிட்டு, இந்தப் பயணம் எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் போரைப் பற்றி. 1614-ஆம் ஆண்டு விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடர் இறந்தார். அவர் தமக்குப் பின் அரசராக அறிவித்தவர் உடன்பிறந்தாரின் மகனான ஸ்ரீரங்கர். அரசியின் பிறந்த வீட்டாரான ஜக்கராயர் இதை ஏற்காமல், அரசியின் மகன் என்று சொல்லப்பட்ட சிறுவனை முன்னிறுத்தினார். ஸ்ரீரங்கரையும் அவருடைய குடும்பத்தையும் வேலூரில் சிறைவைத்து, இறுதியில் அழித்தார். அந்தக் குடும்பத்தில் தப்பியவன் இராமதேவன் என்ற சிறுவன் ஒருவன்தான். அவனைக் காத்து நின்றவர் வெலுகோட்டி யாசம நாயகர். தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமரின் பக்கம் நின்றார். மதுரை முத்து வீரப்ப நாயக்கரும் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரும் ஜக்கராயரின் பக்கம் நின்றார்கள். வேலூர் அரண்மனையில் தொடங்கிய சண்டை தெற்கே இறங்கி, காவிரிக்கரையில் கல்லணைக்கு அருகே பெரும்போராக முடிந்தது. ஜக்கராயர் களத்தில் இறந்தார். இதைத்தான் தோப்பூர்ப் போர் என்கிறோம். 1616-இன் இறுதி என்று சிலரும் 1617 என்று சிலரும் வைக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய செய்தியை நான் தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்தும் நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வேனில் வந்த பதினான்கு பேரில் போரின் பெயரை முன்பே கேட்டிருந்தவர்கள் மூன்று பேர். ஆசிரியர் காலையில் கேட்ட முதல் கேள்வியே, இரகுநாத நாயக்கர் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது என்பதுதான். ஒருவர் தஞ்சாவூர் வீணையைச் சொன்னார். ஒருவர் கும்பகோணம் இராமசுவாமி கோயிலைச் சொன்னார். தரங்கம்பாடிக்காரர் ஒருவர், 1620-இல் டென்மார்க்காரர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையையும், தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்றும் அந்த நாட்டில் இருப்பதையும் சொன்னார். போரைச் சொன்னவர் யாருமில்லை. ஆசிரியர் அந்த மூன்று பதில்களையும் குறித்துக்கொண்டு, "இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த மூன்றையும் செய்ய அவர் உயிரோடு இருந்ததற்குக் காரணமான சண்டையைத்தான் நாம் மறந்துவிட்டோம்" என்றார். இந்தத் தொடக்கமே இந்தப் பயணத்தின் தரத்துக்குச் சான்று. மக்களின் நினைவைக் கேலி செய்யாமல், அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே அவர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்.

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தின் நிழலில் உட்காரவைத்து அவர் வாசித்துக் காட்டிய பகுதிதான் இந்த நாளின் சிறந்த அரைமணி நேரம். பர்ராதாஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் 1616 டிசம்பர் 12 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் இந்தப் போருக்கு நமக்குக் கிடைத்திருக்கும் முதன்மையான சான்றுகளில் ஒன்று. 1900-இல் ராபர்ட் சூவல் விசயநகரத்தைப் பற்றி எழுதிய நூலின் வழியாக அது பரவலாகத் தெரியவந்தது. ஸ்ரீரங்கரின் கடைசி நாளைப் பாதிரியார் எழுதியிருப்பதை ஆசிரியர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சிறையிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்ப முயன்று அகப்பட்டது, தாமே சாகாவிட்டால் வெட்டப்படுவீர் என்று ஜக்கராயரின் தம்பி வந்து நின்றது, அவர் மனைவி மக்களைக் கொன்றுவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டது என்று ஒன்றையும் குரல் உயர்த்தாமல் சொன்னார். பிறகு, அரண்மனைத் துணி வெளுப்பவர் ஒருவர் சிறுவன் இராமனை வெளியே கடத்திக்கொண்டு வந்த இடத்துக்கு வந்தார். என் தங்கை மகள் கல்லூரியில் முதலாண்டு வரலாறு படிக்கிறாள். "இது கதைதானே ஐயா? துணி மூட்டைக்குள் பிள்ளையை ஒளித்து வைத்து எடுத்து வருவதெல்லாம் நாடகத்தில் வருகிற மாதிரி இருக்கிறதே" என்று கேட்டாள். ஆசிரியர் கடிதத்தின் தேதியை மறுபடியும் காட்டினார். நடந்து இரண்டே ஆண்டுக்குள் எழுதப்பட்ட சான்றிலேயே அந்தச் செய்தி இருக்கிறது. அதே கடிதத்தில், திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் பத்து லட்சம் வீரர்கள் திரண்டிருப்பதாகவும் இருக்கிறது. முதலாவதை வரலாற்றாசிரியர்கள் பொறுப்போடு எடுத்துச் சொல்கிறார்கள். இரண்டாவதை, கண்ணால் எண்ணாத ஒருவர் கேள்விப்பட்டு எழுதிய எண்ணாக மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். மக்கள் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மூட்டையில் வந்த பிள்ளையைக் கதை என்று ஒதுக்கிவிட்டு, பத்து லட்சத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறோம். எண் என்றால் உண்மை, உணர்ச்சி என்றால் கற்பனை என்று நமக்குப் பழகிவிட்டது.

வரலாற்றாசிரியர் ஒரே போரை நான்கு வாயிலிருந்து கேட்கிறார் என்பதை ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். தஞ்சை அரசவையில் இருந்த இராமபத்ராம்பா என்ற பெண் கவிஞர் வடமொழியில் எழுதிய காவியத்தில் இரகுநாதரே எல்லாமுமாக நிற்கிறார். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் யக்ஞநாராயண தீட்சிதர் எழுதியதிலும் அப்படியே. யாசமரின் வெலுகோட்டி மரபில் வந்த வேங்கடகிரி அரச குடும்பத்தின் வம்சாவளியில் யாசமரே வீரர். பாதிரியாரின் கடிதத்தில் வீரர் என்று யாருமில்லை. ஒரு பேரரசு தன்னைத்தானே தின்றுகொண்டிருப்பதை வெளியிலிருந்து பார்த்தவரின் அதிர்ச்சிதான் இருக்கிறது. தோற்ற மதுரையின் பக்கத்தில் இந்த ஆட்சிக்காலத்தைப் பேசுகிறவர்கள் இதை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். இந்த நான்கையும் அருகருகே வைத்து, ஒன்று சொல்லி மற்றொன்று விட்டது ஏன் என்று கேட்பதுதான் வரலாற்றாசிரியரின் வேலை. ஊர் நினைவுக்கோ ஒரு போருக்கு ஒரு வீரர் போதும், ஒரு இடம் போதும், ஒரு காரணம் போதும். இதில் எது உயர்ந்தது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு அது நிறைவாக இருந்தது.

இந்தப் போர் ஏன் மறக்கப்பட்டது என்பதற்கு வேனில் போகும்போது அவர் சொன்ன விளக்கத்தை நான் இரண்டு வாரமாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். விசயநகரம் என்றால் 1565-இல் தலைக்கோட்டையில் முடிந்தது என்றே நம்மில் பலரும் படித்திருக்கிறோம். அதற்குப் பிறகு அந்த அரச மரபு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகர் மாறி எண்பது ஆண்டுகள் இருந்ததை மக்கள் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. தலைக்கோட்டையில் எதிரி வெளியே இருந்தார். தோப்பூரில் எதிரி வீட்டுக்குள் இருந்தார். "பங்காளிச் சண்டையை எந்தக் குடும்பமும் பேரப்பிள்ளைக்குச் சொல்லித் தராது" என்றார் ஆசிரியர். நம் ஊர்களில் வரப்புத் தகராறில் வெட்டுக்குத்து நடந்த குடும்பங்களில், மூன்றாம் தலைமுறைக்கு அந்தச் சண்டையின் காரணம் தெரியாமல், இன்னார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற விலக்கு மட்டும் தெரிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உள்நாட்டுப் போரின் நினைவும் அப்படித்தான் போலும். தஞ்சைக்கும் மதுரைக்கும் பகை இருந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியும். ஆனால் கேட்டால் 1673-இல் மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சையைப் பிடித்ததையும், முதிய வயதில் விசயராகவ நாயக்கர் போரில் இறந்ததையும், அரண்மனைப் பெண்கள் மாண்டதையும்தான் சொல்வார்கள். பின்னால் வந்த துயரம் முன்னால் வந்த வெற்றியை விழுங்கிவிட்டது.

பழமார்நேரியில் வேன் பத்து நிமிடம்தான் நின்றது. களத்துக்குப் போகும் வழியில் இரகுநாதர் தண்டு இறங்கியதாகக் காவியம் சொல்லும் பழமானேரி இதுதான் என்று கொள்கிறார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து எந்த ஊரையும் போல வாழையும் நாற்றங்காலும்தான். அங்கிருந்து கல்லணை போனோம்.

கல்லணையில் நின்று பார்த்தால் நினைவு எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. யானைமேல் கரிகாலன் இருக்கிறார், ஆர்தர் காட்டன் இருக்கிறார், காவிரித்தாய் இருக்கிறார். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புதாறு என்று தண்ணீர் பிரியும் இடத்தில், சுமார் 1,080 அடி நீளத்துக்குக் கிடக்கும் அந்த அணையின்மேல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டம் நடக்கிறது. கட்டியவரையும் திருத்தியவரையும் ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது. இந்த மண்ணில் ஒரு பேரரசின் வாரிசு உரிமை முடிவுசெய்யப்பட்டது என்று சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. போர்க்களம் அணைக்குப் பக்கத்திலுள்ள தோகூர் என்றே வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். தோகூர்ப் பக்கம் நடந்து போய், சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தோம்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையேட்டில் இல்லாததும், எந்தப் பயணத்திலும் திட்டமிட்டு வைக்க முடியாததும் அது. கடை பெஞ்சில் எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கால் முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. ஆசிரியர் அவரிடம் இங்கே பழைய சண்டை எதையாவது பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுண்டா என்றார். "சண்டையெல்லாம் தெரியாதுங்க. இருபத்துநாலாம் வருசத்து வெள்ளத்தைப் பத்தி எங்க ஆயா சொல்லும்" என்றார் அவர். 1924 ஆடியில் காவிரி கரைபுரண்ட கதையை, வீட்டுக் கூரைமேல் ஏறி இருந்ததை, ஆடு மாடு மிதந்து போனதை, தான் பார்த்ததைப் போலவே சொன்னார். ஆசிரியர் அதை இடைமறிக்காமல் முழுவதும் கேட்டார். பிறகு, நானூறு வருடத்துக்கு முன்னால் இங்கே நடந்த சண்டையில் எதிரிகள் காவிரி அணையை உடைத்ததாக ஒரு காவியத்தில் எழுதியிருக்கிறது என்று சொன்னார். அதுவரை டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசிய பெரியவர் நிமிர்ந்தார். "அணையையா? எந்த மாசம்?" என்று கேட்டார்.

ஆசிரியர் யோசித்தார். கடிதம் எழுதப்பட்டது டிசம்பர் 12. அப்போது படைகள் களத்தில் திரண்டு நிற்கின்றன. அதற்குச் சற்று முன்னோ பின்னோ என்றுதான் வைக்க முடியும், மாதத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "அப்ப கார்த்திகை மார்கழி. சம்பா பால் புடிக்கிற நேரமுங்க. அப்ப அணையைத் தொட்டா ராசா எவன் செயிச்சா என்ன, அந்த வருசம் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்து போனார். ஆசிரியர் தம் நோட்டில் அந்த வாக்கியத்தைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். காவியம் பகையரசரின் இழிசெயலாக மட்டும் சொல்லும் ஒன்றை, அந்த நிலத்தில் நடவு செய்கிறவர் ஒரே கேள்வியில் ஊரின் பசியாக மாற்றிவிட்டார். எந்த மாதம் என்பது வரலாற்றாசிரியரின் கேள்வியும்தான். அணை உண்மையிலேயே உடைக்கப்பட்டதா, அல்லது பகைவரைப் பழிக்கக் கவிஞர் கையாண்ட உத்தியா என்பதற்குக் காவியத்தை மட்டும் நம்ப முடியாது என்று ஆசிரியர் பிறகு எங்களிடம் தெளிவாகச் சொன்னதையும் குறிப்பிட வேண்டும்.

இனிக் குறைகள். கையேடு இந்த ஆசிரியரின் தரத்துக்குப் பொருந்தவில்லை. இருபது பக்கம், நல்ல தாள், நல்ல அச்சு. ஆனால் உள்ளே தோப்பூர் என்று தருமபுரிப் பக்கத்துத் தொப்பூர்க் கணவாயின் படம் போட்டிருக்கிறது. இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடியதில் வந்த பிழை என்பது தெளிவு. வேலூரிலிருந்து படை நடத்தி வந்தவர்கள் கணவாயில் சண்டையிட்டார்கள் என்று ஒருவர் நினைத்துக்கொண்டால், கல்லணையும் தஞ்சையும் இந்தப் போரில் ஏன் வருகின்றன என்பதே புரியாமல் போகும். பத்து லட்சம் வீரர்கள் என்ற எண்ணும் எந்த விளக்கமும் இல்லாமல் தடித்த எழுத்தில் இருக்கிறது. காலையில் ஆசிரியர் அவ்வளவு கவனமாகப் பிரித்துக் காட்டியதை, மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போகும் காகிதம் கலைத்துவிடுகிறது. பேச்சு காற்றோடு போய்விடும், காகிதம் நிற்கும் என்பதால் இது சின்னக் குறை அல்ல.

இன்னொன்று இதைவிடக் கனமானது. கல்லணையில் விளக்கம் சொன்ன இளைஞர், கூட்டத்தின் ஆர்வத்தைக் கூட்டுவதற்காக, தமிழ் மண்ணைத் தெலுங்கு நாட்டுப் படையிடமிருந்து தஞ்சை காத்தது என்ற தோரணையில் பேசத் தொடங்கினார். இரகுநாதர், முத்து வீரப்பர், கிருஷ்ணப்பர், யாசமர், ஜக்கராயர் ஆகிய ஐவரும் விசயநகரத்தோடு வந்த தெலுங்கு மரபுக் குடும்பத்தினர். இருபுறமும் தமிழ்நாட்டு அரசுகள் இருந்தன. மொழிப் போராக இதைக் காட்டுவதற்கு எந்த இடமும் இல்லை. உள்நாட்டுப் போர் ஒன்றை மக்கள் நினைவு தன் வசதிக்கு வளைக்கும்போது முதலில் செய்வது இதைத்தான்: வீட்டுக்குள் நடந்ததை வெளியாள் செய்ததாக மாற்றிவிட்டால், மனம் ஆறிவிடுகிறது. ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்தினார், இளைஞரும் முகம் வாடாமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஆசிரியர் உடல்நலமில்லாமல் வராத ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு என்று வேன்காரர் சொன்னார். அந்த நாட்களில் வருகிறவர்கள் எதைக் கேட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

மதியச் சாப்பாடு திருவையாற்றில், வாழை இலையில், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாகக் கும்பகோணம். இராமதேவருக்கு இங்கேதான் முடிசூட்டினார்கள் என்பது மரபு. இரகுநாதர் எழுப்பிய இராமசுவாமி கோயிலில் இராமர் சீதையோடு பட்டாபிஷேகக் கோலத்தில் அமர்ந்திருக்கிறார். அனுமன் கையில் வீணை இருக்கிறது. தாய் தந்தையை இழந்து, மூட்டையில் கடத்தப்பட்டு, இன்னொருவர் படையால் அரசரான பதினைந்து வயதுப் பையனின் பெயரும் இராமன் என்பதை அந்தக் கருவறை முன் நின்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கோயிலுக்கும் முடிசூட்டுக்கும் நேரடித் தொடர்பு காட்டும் கல்வெட்டு எதையும் முன்வைக்காமல், இது பொருத்தம் மட்டுமே, சான்று அல்ல என்று ஆசிரியர் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றார். ஆனால் இங்கே கிடைத்தது நாற்பது நிமிடம்தான். தூண் சிற்பங்களைப் பார்ப்பதா, பிரகாரத்து இராமாயண ஓவியங்களைப் பார்ப்பதா, போருக்குப் பின் நடந்ததைக் கேட்பதா என்று தவித்தோம். போருக்குப் பின் நடந்ததுதான் விடுபட்டது. களத்தில் ஜக்கராயர் இறந்ததோடு எதுவும் முடியவில்லை. அவருடைய தம்பி எதிராஜர் சண்டையைத் தொடர்ந்தார். கடைசியில் இராமதேவர் அந்த எதிராஜரின் மகளையே மணந்துகொண்டுதான் சமாதானம் வந்தது. தன் குடும்பத்தை அழித்த வீட்டில் பெண் எடுத்த அந்த இளைஞரைப் பற்றி வேனில் திரும்பும்போது இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். பழமார்நேரியை விட்டுவிட்டு, பிற்பகலில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கையேட்டுப் பிழைகளையும் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொன்னார்கள். வயதானவர்களுக்கு ஒரு சொல்: தோகூர்ப் பக்கம் ஒன்றரை கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வருகிறாரா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு இடம் பதிவுசெய்யுங்கள். ஆவணியில் நாங்கள் பார்த்தது நாற்றங்காலைத்தான். நான் மறுபடி போவதாக இருந்தால் டிசம்பர் இரண்டாம் வாரம் போவேன். அந்தப் பெரியவர் சொன்ன சம்பா அப்போது தோகூரில் பால் பிடித்து நிற்கும்.